ஆண் எலிக்கு எழுதிய மருந்துச் சீட்டு

லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கெல்லாம் நடைபாதையில் இடித்துக்கொள்ளாமல் போக முடியாது. அமிர்தாஞ்சன் கண்ட காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கிய பூங்கா. தலைவலிக்குத் தைலம் விற்றவரின் பூங்காவைச் சுற்றி வருகிறவர்களுக்கு இன்றைக்கு இருக்கும் தலைவலிகள் வேறு: தொப்பை, சர்க்கரை, முழங்கால். ஒரு வாரம் தொடர்ந்து போனால் ஒரு ஜோடி தவறாமல் கண்ணில் படும். முகம் மாறும், கதை மாறாது. கணவர் பத்தடி முன்னே கைவீசி நடப்பார். மனைவி துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு பின்னால் வருவார். வீட்டில் இருவருக்கும் ஒரே சமையல். ராத்திரிச் சாதத்தை இருவரும் ஒரே நாளில் நிறுத்தினார்கள். சுற்று முடிந்ததும் வாசலில் நின்று ஆளுக்கொரு டம்ளர் அருகம்புல் சாற்றை முகம் சுளித்துக் குடிக்கிறார்கள். மூன்று மாதம் ஓடியபின் பார்த்தால் கணவரின் பெல்ட் இரண்டு ஓட்டை இறுகியிருக்கிறது. மனைவி ஏறி நின்றால் எடை மெஷினின் முள் அசைய மாட்டேன் என்கிறது.

“நடுவுல எதையாவது கொறிச்சுட்டே இருக்கே. அப்புறம் எப்படி இறங்கும்?” என்கிறார் கணவர். அந்த அம்மாளும் அதை நம்பிவிடுகிறார் என்பதுதான் கொடுமை.

அந்தக் கணவர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு கிடையாது. ஊரே சொல்வது. பெசன்ட் நகர் ஜிம்மில் சொல்கிறார்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள், சீட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்க்காத டாக்டர்களும் சொல்கிறார்கள்: சாப்பாட்டைக் குறை, நடையைக் கூட்டு, மீதியை மன உறுதி பார்த்துக்கொள்ளும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்கு. உள்ளே போகும் கலோரி, வெளியே போகும் கலோரி. கழித்தால் மிச்சம்தான் தொப்பை. இறங்காவிட்டால் ஆள் எங்கோ ஏமாற்றுகிறார் என்று அர்த்தம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கைக் கூண்டுக்குள் வைத்துச் சோதித்துப் பார்த்தாயிற்று. பாதிதான் தேறியது. தேறிய பாதி ஆண் பாதி.

சோதித்தவர்கள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோரா ஹைஸ்லரின் குழுவினர். முடிவு 2016-இல் ‘மாலிகுலர் மெட்டபாலிசம்’ இதழில் வந்தது. மூளையின் அடித்தளத்தில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே சில நரம்பணுக்கள் பி.ஓ.எம்.சி. என்ற புரதத்தைச் செய்கின்றன. அதிலிருந்து பிரியும் ஹார்மோன்கள்தான் ‘போதும், இலையை எடு’ என்று உடம்புக்குச் சொல்பவை. இந்தப் புரதத்துக்கான மரபணு அங்கே வேலை செய்யாதபடி செய்துவிட்டால் சுண்டெலி தின்றுகொண்டே இருக்கும், அசையாது, உருண்டு திரண்டுவிடும். அப்படிப்பட்ட பிறவிக் குண்டு எலிகளை எடுத்து, அந்த நரம்பணுக்களில் ஒரு பிரிவில் மட்டும், செரோட்டோனினுக்குச் செவிசாய்க்கும் பிரிவில், மரபணுவைத் திரும்ப முடுக்கிவிட்டார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே மரபணு, அதே நரம்பணுக்கள், அதே சிகிச்சை.

ஆண் எலிகள் இளைத்தன. தீனி குறைந்தது, ஓட்டம் கூடியது, உடம்பு எரிக்கும் சக்தியும் கூடியது. கூண்டில் உள்ள சாதாரண எலியோடு நிறுத்தினால் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துவிட்டன. பெண் எலிகளும் தீனியைக் குறைத்தன. அவை வாயைக் கட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது, தீனியை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நடமாட்டம் கூடவில்லை, எரிப்பும் கூடவில்லை. குண்டாகவே இருந்தன.

பூங்காக் கணவர் இதைப் படித்தால் துள்ளிக் குதிப்பார். “பார்த்தியா, பொம்பளை எலி நடக்கலை. அதைத்தானே நானும் சொல்றேன்!” அவசரப்பட வேண்டாம். எலிக்குச் சோம்பேறித்தனம் என்ற குணக்கேடு இல்லை. டிவி தொடர் பார்க்க உட்கார்ந்துவிட்டதும் இல்லை. ஆண் எலியை ஓட வைத்தது அதன் மன உறுதி இல்லை, திரும்பக் கிடைத்த ஹார்மோன். பெண் எலிக்குள் அதே ஹார்மோன் அதே இடத்தில் அந்த உத்தரவைக் கொடுக்கவில்லை. எழுந்து நடக்க வேண்டும் என்ற உந்துதலே, எவ்வளவு எரிக்க வேண்டும் என்ற தீர்மானமே, மூளையின் ஒரு மூலையில் ஆணுக்கு ஒருவிதமாகவும் பெண்ணுக்கு வேறுவிதமாகவும் கம்பி இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது. கலோரிக் கணக்கு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளே போவதற்கும் வெளியே போவதற்கும் நடுவே கல்லாவில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் இரண்டு வாடிக்கையாளரையும் ஒன்றுபோல நடத்துவதில்லை என்றுதான் அர்த்தம்.

இந்தக் கல்லாக்காரரைப் பற்றித் தெரியவந்ததே சுண்டெலிகளால்தான். 1949-இல் அமெரிக்காவின் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு குண்டு எலி தானாகவே பிறந்தது. 1960-களில் அங்கேயே இன்னொரு வகை குண்டு எலி கிடைத்தது. அதற்குச் சர்க்கரை நோயும் இருந்தது. அந்த ஆய்வகத்தின் டக்ளஸ் கோல்மன் இவற்றின் ரத்த ஓட்டம் கலக்கும்படி இரண்டிரண்டாக உடலோடு உடல் ஒட்டவைத்துப் பார்த்தார். சர்க்கரை எலியோடு ஒட்டப்பட்ட எலி தீனியை மறந்து பட்டினியால் செத்தது. ரத்தத்தில் ஏதோ ஒன்று ‘போதும்’ என்று சொல்கிறது, ஒரு வகை எலியால் அதைச் செய்ய முடியவில்லை, மற்ற வகைக்கு அது காதில் விழவில்லை என்று அவர் முடிவுகட்டினார். அந்த ஏதோ ஒன்றை 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் கண்டுபிடித்தார், பிறகு அதற்கு லெப்டின் என்று பெயரிட்டார். கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் மூட்டை என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அது பேசுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மனிதரிலும் இது உண்டா என்ற கேள்விக்கு 1997-இல் இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் இரண்டு குழந்தைகள், ஒன்றுவிட்ட சகோதர உறவு. எட்டு வயதுப் பெண் 86 கிலோ, இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. இருவருக்கும் லெப்டின் மரபணு பழுது. உறவுக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இப்படிப்பட்ட ஒதுங்கிக் கிடக்கும் மரபணுக்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவில் திருமணம் செய்தவர்கள் என்று 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தை மகன், மாமன் மகள் என்று முறை சொல்லும் ஊரில், அடங்காப் பசியோடு அழும் கைக்குழந்தையைப் பார்த்து ‘தாத்தா மாதிரி நல்லா சாப்பிடுது’ என்று பூரித்துப்போவதற்கு முன் ஒரு முறை யோசிக்கலாம். அரிது, மிக அரிது. ஆனால் இல்லாதது இல்லை. அந்தப் பெண் குழந்தைக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் இறங்கியது. மன உறுதி வகுப்பு எதற்கும் அவள் போகவில்லை.

லெப்டின் ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே அளவு இருப்பதில்லை. ஒரே அளவு கொழுப்புள்ள ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொண்டால் பெண்ணின் ரத்தத்தில்தான் லெப்டின் அதிகம். தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெண்ணிடம் கூடுதல், அது லெப்டினை அதிகம் சுரக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் அதை அடக்குகிறது. எலி மூளையில் ஆய்வாளர் டெபரா கிளெக் செய்த சோதனைகளில், பெண் மூளை லெப்டினுக்கும் ஆண் மூளை இன்சுலினுக்கும் அதிகம் மசிந்தன. இவ்வளவும் வெளியாகி இருபது ஆண்டு ஆகிறது. நம்மூர் டயட் சார்ட்டில் இன்னும் ஆண் பெண் வித்தியாசம் என்றால் பெண்ணுக்கு இட்லி ஒன்று குறைவு என்பதோடு சரி.

இதைவிட உறைக்கும் ஒரு சோதனை உண்டு. லெப்டின் இல்லாத குண்டு எலிகள் பொதுவாகக் குட்டி போடாது. தீனியைக் குறைத்து இளைக்க வைத்தால் ஆண் எலிகளில் சில குட்டிக்குத் தகப்பனாகிவிடும். பெண் எலிகளை ஒல்லி எலியின் எடைக்கே கொண்டுவந்தாலும் மலட்டுத்தன்மை தீராது. 1996-இல் ஃபரீத் ஷெஹாப் குழுவினர் அந்தப் பெண் எலிகளுக்கு லெப்டினையே ஊசியாகப் போட்டார்கள். கருத்தரித்தன, குட்டி ஈன்றன. அதாவது ஆணுக்கு எடை போனாலே கொஞ்சம் வழி பிறந்தது. பெண்ணுக்கு எடை போனது போதவில்லை, ஹார்மோன் வந்தால்தான் உண்டு.

சென்னையின் கருத்தரிப்பு மையங்களின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் எத்தனை பெண்கள் “முதல்ல பத்து கிலோ குறைச்சுட்டு வாங்கம்மா” என்ற வார்த்தையோடு திரும்பியிருப்பார்கள்! இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பி.சி.ஓ.டி. உள்ள பெண்ணுக்கு லெப்டின் இல்லாமல் போய்விடவில்லை. அவர்களில் பலருக்கு எடை குறைந்தால் மாதவிலக்கு சீராவதும் உண்மை. அந்த ஆலோசனையே தப்பு என்று எலியை வைத்து வாதாட முடியாது. ஆனால் எடை குறைந்தும் சீராகாதவரிடம் ‘இன்னும் குறைங்க’ என்று சொல்லி அனுப்புவதற்கு எந்த எலியும் சாட்சி சொல்லாது.

பிரச்சினை ஹார்மோனோடும் நிற்கவில்லை. கலிபோர்னியாவில் ஆர்தர் ஆர்னால்டும் கேரன் ரூவும் ஒரு குறும்பான எலியை வைத்து வேலை செய்தார்கள். விரையை உண்டாக்கும் மரபணுவை ஒய் குரோமோசோமிலிருந்து பிடுங்கி வேறு குரோமோசோமில் நட்டால், இரண்டு எக்ஸ் உள்ள எலிக்கு விரை வரும், எக்ஸ்-ஒய் எலிக்குச் சூலகம் வரும். ஹார்மோன் வேறு, குரோமோசோம் வேறு என்று பிரித்துப் பார்க்க இதுதான் வழி. பிறகு விரையையும் சூலகத்தையும் அகற்றிவிட்டார்கள். ஹார்மோன் கணக்கு தீர்ந்ததல்லவா, இனி எல்லா எலியும் ஒன்றுதானே? இல்லை. 2012-இல் வெளியான முடிவின்படி, இரண்டு எக்ஸ் உள்ள எலிகளுக்கு ஒரு எக்ஸ் உள்ளவற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை கொழுப்பு சேர்ந்தது. முன்பு விரை இருந்ததா சூலகம் இருந்ததா என்பது பொருட்டாகவே இல்லை. இன்னொரு விசேஷம்: எலி இரவில் தின்னும், பகலில் தூங்கும். இரண்டு எக்ஸ் எலிகள் தூங்க வேண்டிய பகலில் எழுந்து தின்றன. ‘நடுவுல கொறிக்கிறது’ குரோமோசோமிலேயே எழுதியிருக்கலாம் என்று அந்தக் கணவரிடம் யாராவது சொன்னால் நல்லது. சொல்லாமலிருந்தால் இன்னும் நல்லது, அதையும் ஒரு வசவாக மாற்றிக்கொள்வார்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதங்களுக்கு வருவோம்.

முதலாவது: எலி வேறு, மனிதர் வேறு. சரிதான். ஆனால் இந்த வாதத்தை வசதிப்படிதான் எடுக்கிறார்கள். எலியை வைத்து மனிதர் தட்டைப் பற்றித் தீர்ப்பு சொல்வதைத் தமிழ்நாடு நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. குன்னூரில் உணவு ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன் சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், வங்காளி, மதராஸி என்று ஒவ்வொரு பகுதியின் உணவையும் எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, சீக்கிய உணவு தின்ற எலி மேல், மதராஸி உணவு தின்றது கடைசி என்று வரிசைப்படுத்தினார். அவர் நட்ட விதைதான் பின்னால் ஹைதராபாத்துக்குப் போய் தேசிய உணவூட்டவியல் நிறுவனமாக வளர்ந்தது. 1990-களில் அதன் எலிக்கூடத்திலேயே லெப்டினுக்குச் செவிசாய்க்காத ஒரு பிறவிக் குண்டு எலி வகையும் கிடைத்தது. அரிசியைக் குறை என்று சொல்லும்போது எலி ஏற்புடைய சாட்சி, ஆணும் பெண்ணும் வேறு என்று சொல்லும்போது மட்டும் வெறும் பிராணியா?

எலிச் சோதனையில் உண்மையான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அது சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். எலிக்கு இதமான வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி. ஆய்வகத்தில் ஆட்களுக்கு இதமாக 22 டிகிரியில் ஏசி ஓடுகிறது. எலி குளிரில் நடுங்கிக்கொண்டே சோறு எரிக்கிறது. கொழுப்புணவு கொடுத்தாலும் பெண் எலிக்குக் கல்லீரலில் கொழுப்பு அவ்வளவாகப் படியாது என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2017-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு, 30 டிகிரியில் வைத்தால் பெண் எலிக்கும் படிகிறது என்று காட்டியது. பெண்ணுக்கு இயற்கை கொடுத்த கவசம் என்று நினைத்ததில் ஒரு பங்கு ஏசியின் உபயம். ஆண் பெண் வித்தியாசம் எங்கே மெய், எங்கே குளிரின் விளையாட்டு என்று பிரிக்க வேண்டுமானால் இரண்டு பாலையும் கூண்டில் வைத்தே ஆக வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. தமிழ்நாட்டில் அதிக எடையுள்ள பெண்கள் 2015–16-இல் நூற்றுக்கு 30.9, 2019–21-இல் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37.0. ஐந்து வருடத்தில் எந்த மரபணு மாறிற்று? ஸ்விக்கியும் ஸ்கூட்டரும்தானே மாறின? தவிர ஆணும் பெண்ணும் கைகோத்துக்கொண்டுதானே ஏறியிருக்கிறார்கள்?

ஏற்றுக்கொள்ள வேண்டிய வாதம். சூழல்தான் தள்ளியது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் பிற்பகுதியில் தி.நகரில் ஒரு ஏழைக் குடியிருப்பையும் திருமங்கலத்தில் ஒரு நடுத்தர வர்க்கக் குடியிருப்பையும் எடுத்து 1,262 பேரைச் சோதித்தது. ஒரே ஊர், ஒரே ஜனங்கள். வசதியான பக்கத்தில் சர்க்கரை நோய் ஏறக்குறைய இரு மடங்கு. முடிவைக் கேட்ட திருமங்கலத்துக்காரர்கள் சொந்தச் செலவில் ஒரு பூங்கா போட்டார்கள், முறையாக உடற்பயிற்சி செய்பவர்கள் பல மடங்கு கூடினார்கள். நடப்பது வீண் என்று சொல்பவர் யாரும் இதைப் படித்திருக்க மாட்டார். பெண்ணுக்கும் நடை சர்க்கரையைக் குறைக்கும், மூட்டைக் காக்கும், தூக்கம் கொடுக்கும், எடை இறங்கினாலும் இறங்காவிட்டாலும்.

ஆனால் வெள்ளம் எல்லா வீட்டுக்குள்ளும் வந்தது என்பதால் எல்லா வீட்டிலும் ஒரே இடத்தில் தேங்கியது என்றாகாது. பி.எம்.ஐ. எண் ஒன்றாகவே இருந்தாலும் பெண் உடம்பில் கொழுப்பின் பங்கு கூடுதல், சேரும் இடம் வேறு. மாதவிலக்கு நின்றபின் அந்த இடமும் இடுப்பிலிருந்து வயிற்றுக்கு நகர்கிறது. தெற்காசியர்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லையே ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. டேப்பில் இரண்டு எல்லை வைத்துக்கொண்டு சீட்டில் ஒரே சிகிச்சை எழுதுவது என்ன நியாயம்?

இந்த ஒற்றைக் கணக்கு எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது? ஆய்வுக்கூடத்திலேயே பெண் எலி இல்லாததால். 2011-இல் அன்னலீஸ் பியரியும் இர்விங் ஸக்கரும் விலங்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தார்கள். நரம்பியலில் ஒரே பாலை வைத்துச் செய்த ஆய்வுகளில், பெண்ணுக்கு ஒன்று என்றால் ஆணுக்கு ஐந்தரை. காரணம் கேட்டால் ஒரு பழைய பல்லவி: பெண் எலிக்கு நாலைந்து நாளைக்கொருமுறை ஹார்மோன் சுழற்சி, அது முடிவைக் கலைத்துவிடும். 2014-இல் பிரெண்டர்காஸ்ட் குழுவினர் 293 கட்டுரைகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெண் எலி ஆணைவிட ஏறி இறங்குவதாகக் காணவில்லை. சில அளவைகளில் ஆண் எலிதான் அதிகம் ஆடியது. ஒரே கூண்டில் நாலு ஆண் எலியை விட்டால் யார் பெரியவன் என்ற சண்டை தொடங்கிவிடும், அதற்கும் ஹார்மோன் உண்டு. அதை மட்டும் யாரும் குழப்பம் என்று சொல்லவில்லை. அதற்குப் பெயர் இயல்பு நிலை.

வேடிக்கை என்னவென்றால், இன்றைக்குப் பேசப்படும் எடை குறைப்பு ஊசியான செமாகுளூட்டைடின் முக்கியமான மனிதச் சோதனையில் பங்கேற்றவர்களில் நாலில் மூவர் பெண்கள். கூண்டுக்குள் ஆண், ஊசிக்கு முன்னால் பெண். அந்த ஊசியில் சராசரியாக ஆண்களைவிடப் பெண்களுக்கே எடை அதிகம் இறங்குவதும் பதிவாகியிருக்கிறது. மூன்று மாதம் பூங்காவைச் சுற்றியும் அசையாத முள், சரியான ஹார்மோன் கிடைத்தால் கணவருடையதைவிட வேகமாக நகரக்கூடும். அப்போது மன உறுதியைப் பற்றி அவர் என்ன சொல்வார்?

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2016 முதல், பாலினத்தையும் ஒரு காரணியாகக் கணக்கில் எடுக்கும்படி நிதி கேட்டு வருபவர்களிடம் சொல்கின்றன. இங்கே அதற்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. அடையாறு தாண்டினால் தரமணி. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்துக்கு, பெண்களின் மகப்பேற்றையே வாழ்நாள் பாடமாகக் கொண்ட டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஹார்மோன்களுக்கென்றே ஒரு துறையும் அங்கே இருக்கிறது. அவர் பெயரிலாவது நகரின் ஆய்வகங்கள் ஒரு வழக்கம் செய்துகொள்ளலாம்: விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ‘பெண் எலி எத்தனை? இல்லையென்றால் ஏன்?’ என்று ஒரு கட்டம். பத்திரிகைக்காரர்களும் ‘எலிகளில் வெற்றி’ என்று தலைப்புப் போடும்முன் எந்த எலி என்று கேட்கலாம். சுழற்சி குழப்பும் என்று இனிமேலும் யாராவது சொன்னால், பெண் சுண்டெலி எந்த நாளில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையை எட்கர் ஆலன் 1922-இலேயே எழுதி வைத்துவிட்டார் என்று சொல்லுங்கள். ஒரு சொட்டு உப்புநீர், ஒரு கண்ணாடித் தகடு, ஒரு நுண்ணோக்கி. எலிக்குச் சில நிமிடம் ஆகும்.